வடித்தவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர்

போன சனிக்கிழமை சாயங்காலம் டப்ளினில் விடாத மழை. சமையலறை ஜன்னல் திண்டில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினேன். இடப்பக்கம் நப்போக் காஸில் விஸ்கி, 12 வருடம். வலப்பக்கம் அதே நப்போக் காஸில், 16 வருடம், கடைசிக் காலத்தை ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கழித்தது. முன்னது காய்ந்த வைக்கோல் நிறம். பின்னது, செக்கு நல்லெண்ணெயை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம்.

கூட அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடிக்காரர், எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடி. அவசரமாகக் குடிக்கிற ஆள் இல்லை. ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். அதனால்தான் நல்ல புட்டி எதைத் திறந்தாலும் அவரைக் கூப்பிடுவேன். வந்தவர் முதல் வேலையாக 16 வருடப் புட்டியைக் கையில் எடுத்தார்.

“இது எந்த வடிசாலைச் சரக்கு தம்பி?”

லேபிளில் தேடினார். சிங்கிள் மால்ட் என்று இருக்கிறது. மூன்று முறை வடித்தது என்று இருக்கிறது. வயது இருக்கிறது, அயர்லாந்து இருக்கிறது. வடித்த இடத்தின் பெயர் மட்டும் இல்லை. “அவங்களுக்குச் சொந்த வடிசாலை கிடையாது அண்ணாச்சி. வெளியில வாங்கின சரக்கு. அதை வாங்கி, ஷெர்ரி பீப்பாயில போட்டு வெச்சிருந்து அடைச்சிருக்காங்க” என்றேன்.

“அப்போ இவங்க என்னதான் செஞ்சாங்க?”

நியாயமான கேள்வி. அயர்லாந்து விஸ்கி வாங்கப் போகிற எவருக்கும் ஒரு கட்டத்தில் இது வரும். கடை அலமாரியில் இருக்கும் பெயர்களில் பல, தாங்கள் வடிக்காத சாராயத்துக்கு வைத்த பெயர்கள்தான். அது ஏமாற்றா, இல்லை ஒரு தொழிலா? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஆனால் முதலில் குடித்துப் பார்த்துவிடுவோம்.

12 வருடத்திலிருந்து தொடங்கினோம். கோப்பைக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுத்தால் சாராய நெடி மட்டும்தான் ஏறும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பையை மூக்குக்குக் கீழே மெல்ல நகர்த்த வேண்டும். அப்படிச் செய்ததும் தேன் வந்தது. எலுமிச்சைத் தோலைக் கீறிய வாசம். அதற்குப் பின்னால் பொரியும் அவலும் போல ஒரு தானிய மணம். அது முளைகட்டிய பார்லியின் சொத்து. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முற்றிய தேங்காய். இந்தத் தேங்காயைக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ஓக் மரத்தில் லாக்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. தேங்காய் மணம் அதிலிருந்து வருவது. பர்பன் விஸ்கியை ஒவ்வொரு முறையும் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் போட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை பயன்பட்ட பிறகு அந்த 200 லிட்டர் பீப்பாய்களுக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை. கப்பலேறி அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வந்துவிடுகின்றன. இங்கே வடிகிற விஸ்கியில் பெரும்பகுதி வளர்வது அவற்றில்தான்.

வாயில் வைத்தால் மென்மை. தொண்டையில் உறைப்பு அதிகமில்லை. இனிப்பாகத் தொடங்கி, லேசான மிளகோடு சீக்கிரமே கரைந்துபோகிறது. நல்ல சரக்கு. அண்ணாச்சி “சுத்தமா இருக்கு” என்றார். வேறு சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிறகு 16. கோப்பையைப் பக்கத்தில் கொண்டு வரும்போதே அது வேறு என்று தெரிந்துவிட்டது. உலர் திராட்சை, பேரீச்சை, வறுத்த வால்நட். நாள்பட்ட மர அலமாரியைத் திறந்தால் வருகிற குளிர்ந்த வாசம். நடுவில் கிராம்பு, தெளிவாக. அதற்கும் காரணம் உண்டு: கிராம்புக்கு மணம் கொடுக்கும் யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. எங்கோ தோட்டத்தில் விளைகிற மொட்டும், ஐரோப்பியக் காட்டில் வளர்ந்த மரமும் ஒரே பொருளைத் தமக்குள் வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது.

நாக்கில் முதலில் வந்தது அதே தேன். 12இல் பார்த்த அதே ஆள்தான், அடையாளம் தெரிகிறது. அடுத்த நொடியில் அத்திப்பழம், கருப்பட்டி, ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்புறத்தை மெல்ல இழுத்துப் பிடித்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். “துவர்க்குது” என்றார்.

இந்த ஒரு சொல்லுக்காகவே இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. துவர்ப்பு நமக்கு அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காயைக் கடித்திருக்கிறோம், பாக்கை மென்றிருக்கிறோம், வாழைப்பூவை ஆய்ந்து சமைத்திருக்கிறோம். அந்தச் சுவைக்குத் தட்டில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தே வளர்ந்தவர்கள் நாம். ஷெர்ரி பீப்பாய் விஸ்கிக்குக் கொடுக்கிற முக்கியமான பொருள் இந்தத் துவர்ப்புதான், அதாவது மரத்தின் டானின். பழ வாசத்தைப் பார்த்து மயங்கி, எல்லோரும் இனிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். இனிப்பைத் தாங்கிப் பிடித்து, அது வாயில் வழிந்து ஓடாமல் நிறுத்துவது துவர்ப்பு. அது கூடிவிட்டால் மரத்தூளை மென்றது போல ஆகும். இல்லாவிட்டால் வெறும் பழச்சாறு. இந்த 16இல் அது சரியான இடத்தில் நின்றிருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். “அப்போ காலிப் பீப்பாயில ஒட்டிக்கிட்டு இருந்த ஷெர்ரிதானே இது? நாமளே ரெண்டு சொட்டு ஷெர்ரிய ஊத்திக்கிட்டா என்ன?”

செய்து பார்த்துவிடுவோம் என்று எழுந்தேன். அலமாரியில் அரைப் புட்டி ஒலொரோசோ ஷெர்ரி இருந்தது. மூன்றாவது கோப்பையில் 12ஐ ஊற்றி, சின்னக் கரண்டியால் ஒலொரோசோவைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். நிறம் ஏறியது. மூக்கில் வைத்தால் விஸ்கி ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம். இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. குடித்தபோது இன்னொன்று தெரிந்தது. இனிப்புக் கூடவில்லை. ஒலொரோசோ இனிப்பான ஒயின் அல்ல, முறைப்படி அது சர்க்கரை மிகக் குறைந்த, காய்ந்த வகை. கெட்டியான இனிப்பு வேண்டுமென்றால் பெட்ரோ ஹிமெனெஸ் வகைக்குப் போக வேண்டும். அப்படியானால் 16இல் நாங்கள் உணர்ந்த கருப்பட்டி எங்கிருந்து வந்தது? உலர்பழ வாசம் ஏறியதும் மூளை இனிப்பை எதிர்பார்க்கிறது, நாக்கும் அதையே நம்பிவிடுகிறது. மீதியை மரம் கொடுக்கிறது. மூன்றாவது கோப்பையை இருவருமே முடிக்கவில்லை.

மரம் கொடுக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் ‘ஷெர்ரி பீப்பாய்’ என்று லேபிளில் பார்க்கும்போது நம் மனதில் வருகிற படம் பெரும்பாலும் தவறு. தென் ஸ்பெயினில் ஹெரெஸ் நகரத்து இருட்டுக் கிடங்கு, தலைமுறை தலைமுறையாக ஒயின் இருந்த கறுத்த பீப்பாய், அதிலிருந்து விஸ்கி. அந்தக் கிடங்கும் பீப்பாயும் உண்மைதான். அங்கே நடப்பதற்குச் சொலேரா என்று பெயர். அடி வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்து, மேல் வரிசையிலிருந்து அதை நிரப்பி, பழையதையும் புதியதையும் கலந்துகொண்டே போகிற முறை. ஆனால் அந்தப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்களிடம் விற்றுக்கொண்டிருந்தால் ஷெர்ரிக்காரர் கடையை மூட வேண்டியதுதான். தவிர, அவ்வளவு காலம் ஒயின் குடித்த மரத்தில் கொடுப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

முன்பு வந்ததெல்லாம் சரக்கு ஏற்றி வந்த பீப்பாய்கள். ஷெர்ரி அந்தக் காலத்தில் மரத்திலேயே கப்பலேறி லண்டனுக்கும் டப்ளினுக்கும் வரும். இங்கே புட்டியில் அடைத்த பிறகு காலிப் பீப்பாய் மலிவாகக் கிடைக்கும். 1980களில் ஸ்பெயின் அதை நிறுத்தி, ஷெர்ரியை அங்கேயே புட்டியில் அடைக்க வைத்துவிட்டது. வரத்து நின்றது. அதன் பிறகு ஒரு தனித் தொழிலே உருவானது: விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஹெரெஸில் ஒன்றிரண்டு வருடம் ஒலொரோசோவை நிரப்பி ஊறவைத்து, பிறகு அனுப்புவது. ஊறவைத்த அந்த ஷெர்ரி குடிப்பதற்கென்று வைத்தது அல்ல. மறுபடி மறுபடி பீப்பாய் பழக்கவும், கடைசியில் காடிக்கும் போகும். அதாவது இன்றைய ஷெர்ரி பீப்பாயில் முக்கியமான சரக்கு பீப்பாய்தான், ஷெர்ரி அதைப் பழக்க வந்த வாத்தியார். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குகிற வீடுகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். இந்தப் பெரிய பீப்பாய் 500 லிட்டர் கொள்ளும். நீளமான பலகைகள், பெரும்பாலும் ஸ்பெயினின் வடமேற்கு மூலை கலீசியாவிலிருந்து வருகிற ஓக் அல்லது அமெரிக்க ஓக். ஐரோப்பிய ஓக் என்றால் துவர்ப்பும் கிராம்பும் கூடுதல்.

சில ஷெர்ரி விஸ்கியில் தீக்குச்சி கிழித்த நெடி வரும். காலியான பீப்பாய் கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே கந்தகம் எரிக்கிற பழக்கத்தின் மிச்சம் அது. எனக்கு ஆகாது. இந்தப் புட்டியில் அது துளியும் இல்லை.

சரி, அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

அயர்லாந்தில் ஒருவர் வடிப்பதும் இன்னொருவர் வளர்ப்பதும் நேற்று முளைத்த தந்திரம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுதான் ஊர் வழக்கம். மளிகைக் கடைக்காரர், மதுக்கடைக்காரர், ஒயின் வியாபாரி எல்லோரும் தங்கள் காலிப் பீப்பாய்களை வண்டியில் ஏற்றி வடிசாலைக்கு அனுப்புவார்கள். வடிசாலை அதில் புதுச் சாராயத்தை நிரப்பிக் கொடுக்கும். அவர்கள் அதைச் சுங்கப் பூட்டுப் போட்ட தங்கள் கிடங்கில் வருடக்கணக்கில் வைத்து, தங்கள் பெயரில் விற்பார்கள். டப்ளினில் 1805இல் தொடங்கிய மிட்செல் அண்ட் சன் ஒயின் வியாபாரிகள், போ தெருவில் இருந்த ஜேம்சன் வடிசாலைக்குத் தங்கள் பீப்பாய்களை அனுப்பியவர்கள். நிரம்பி வந்தவற்றுக்கு வயதுக்கு ஏற்ப வண்ணப் பொட்டு வைத்தார்கள்: 7 வருடத்துக்கு நீலம், 10க்குப் பச்சை, 12க்கு மஞ்சள், 15க்குச் சிவப்பு. இன்று கடைகளில் கிடைக்கும் கிரீன் ஸ்பாட் விஸ்கியின் பெயர் அந்தப் பச்சைப் பொட்டுதான். இன்று பலரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ரெட்பிரெஸ்ட் விஸ்கியும் இப்படிப் பிறந்ததே. கில்பி என்ற ஒயின் நிறுவனம், ஜேம்சனின் சாராயத்தை வாங்கித் தங்கள் ஷெர்ரி பீப்பாய்களில் வளர்த்தது. அந்தக் கடைக்காரர்களை “நீ என்ன செய்தாய்” என்று யாரும் கேட்கவில்லை. நல்ல பீப்பாயைத் தேர்ந்ததும், காத்திருந்ததும், எப்போது எடுப்பது என்று தெரிந்து வைத்திருந்ததும் வேலைதான் என்று ஊருக்கே தெரியும்.

அந்த வழக்கம் ஏன் அழிந்தது என்பது சோகமான கதை. அமெரிக்க மதுவிலக்கு, பிரிட்டனோடு நடந்த வர்த்தகச் சண்டை, மாறிப்போன ருசி எல்லாம் சேர்ந்து அடித்ததில் வடிசாலைகள் வரிசையாக மூடின. 1966இல் குடியரசுப் பகுதியில் மிச்சமிருந்த பெரிய நிறுவனங்களான ஜேம்சன், பவர்ஸ், கார்க் டிஸ்டில்லரீஸ் மூன்றும் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் என்று ஒன்றாயின. வெளியாருக்குச் சாராயம் கொடுப்பதையும் அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 1980களின் நடுவில் மொத்தத் தீவிலும் ஓடியவை மிடில்டன், புஷ்மில்ஸ் என இரண்டே வடிசாலைகள். இரண்டுக்கும் ஒரே முதலாளி.

கதவைத் திறந்தவர் ஜான் டீலிங். லௌத் மாவட்டத்தில், உருளைக்கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுக்க அரசு கட்டிய பழைய ஆலையை வாங்கி, 1987இல் கூலி (Cooley) என்ற பெயரில் வடிசாலையைத் தொடங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் விற்றார். சொந்த வாலை, அதாவது வடிகலம், இல்லாதவர்களும் விஸ்கிக்குப் பெயர் வைக்க முடிந்தது அதனால்தான். 2011 கடைசியில் கூலியை அமெரிக்காவின் பீம் நிறுவனம் வாங்க ஒப்பந்தம் ஆனது. அதன் பிறகு வெளி விற்பனை நின்றது. பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். டீலிங் சும்மா இருக்கவில்லை. டண்டாக்கில் ஒரு பழைய பீர் ஆலையை எடுத்து, 2015இல் கிரேட் நார்தர்ன் வடிசாலையாக்கினார். அதன் முக்கியத் தொழிலே மற்றவர்களுக்கு வடித்துக் கொடுப்பது. இன்று தீவில் 40க்கும் மேற்பட்ட வடிசாலைகள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூன்று வருடம் மரத்தில் இருந்தால்தான் சட்டப்படி அதற்கு விஸ்கி என்று பெயர். அதுவரை கடனுக்கு வட்டி யார் கட்டுவது? வாங்கிய சரக்கை ஒரு ஷெர்ரி பீப்பாயிலோ ரம் பீப்பாயிலோ முடித்து விற்றுத்தான் பலரும் அந்த வருடங்களைக் கடக்கிறார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு புட்டி வாங்கினேன். லேபிளில் கொள்ளுத்தாத்தா, ஊற்றுத் தண்ணீர், கைமாறி வந்த ரகசிய முறை என்று ஒரு கதை. நம்பி, அந்தக் கொள்ளுத்தாத்தாவை நினைத்துக்கொண்டே குடித்தேன். அந்தச் சரக்கு வடிந்தபோது அந்தப் பெயருக்கு ஒரு வாலைகூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ருசி மோசமில்லை. ஆனால் யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க விழித்து, ஊறலைப் பார்த்து, முதல் வடியையும் கடைசி வடியையும் ஒதுக்கி, நடுவடியை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய உழைப்பின் மேல் இல்லாத தாத்தாவை உட்கார வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. பல ஒப்பந்தங்களில் வடிசாலையின் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருக்கும், அது எனக்குத் தெரியும். அப்படியானால் “வாங்கினோம், இந்தப் பீப்பாயில் இத்தனை மாதம் வைத்தோம்” என்றாவது எழுதலாம். கிளேர் மாவட்டத்தில் லூயிஸ் மெக்வேன் தன் குடும்பப் பண்ணையில் கிடங்கு கட்டி, கில்ரஷ் ஊரின் பழைய கிடங்குக்காரர் ஜே.ஜே. கோரியின் பெயரில் விஸ்கி வளர்க்கிறார். தான் வடிப்பவர் இல்லை, வாங்கி வளர்ப்பவர் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அப்படிச் சொன்னதால் அந்த விஸ்கியின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துச் சட்டம் கேரமல் சேர்க்க இடம் கொடுக்கிறது. கறுப்பாக இருப்பதெல்லாம் ஷெர்ரி அல்ல.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அண்ணாச்சி 16இல் அரைக் கரண்டி தண்ணீர் விட்டார். கிராம்பு பின்னால் போய், ஆரஞ்சுத் தோல் முன்னால் வந்தது. “இப்பதான் வாய் திறக்குது” என்றார். நானும் விட்டுக்கொண்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அப்போது அவரிடம் 1951ஆம் வருடத்துச் சரக்கைப் பற்றிச் சொன்னேன். நப்போக் காஸில் என்பது கிளேர் மாவட்டத்தில் குயின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற உண்மையான கோட்டை, 15ஆம் நூற்றாண்டின் கல் கோபுரம். 1966இல் அதைப் பாழடைந்த நிலையில் வாங்கிச் சீர்படுத்தியவர்கள் டெக்சாஸிலிருந்து வந்த மார்க் எட்வின் ஆண்ட்ரூஸும், கட்டடக் கலைஞரான அவர் மனைவி லவோனும். ஆண்ட்ரூஸுக்கு விஸ்கியைப் பீப்பாயாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம். அவர் வாங்கியவற்றில் டல்லமோர் ஊரின் பி. டேலி வடிசாலையில் 1951இல் வடித்த பாட் ஸ்டில் விஸ்கியும் இருந்தது. அந்த வடிசாலை 1954இல் மூடிவிட்டது. வாலை நின்றது, ஆட்கள் கலைந்து போனார்கள். அவர்கள் வடித்தது மட்டும் ஷெர்ரி பீப்பாய்க்குள் உயிரோடு இருந்தது. மொத்தம் 36 வருடம். 1987இல்தான் அதைப் புட்டியில் அடைத்தார்கள்.

அண்ணாச்சி கோப்பையைத் திண்டில் வைத்தார்.

“வாங்கி வைக்க ஆள் இல்லாட்டி?”

“அந்த ஊர்ல அந்தச் சரக்கோட கடைசி ருசி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி குறைஞ்சிருக்கும் அண்ணாச்சி.”

“அதுல டேலி பேரு தெரியுதுல்ல?”

“தெரியுது. இன்னைக்கும் அதைப் பத்திப் பேசுறவங்க டேலி பேரைச் சொல்லாம பேசுறதில்லை.”

தலையை ஆட்டினார். பிறகு 16 வருடப் புட்டியை மறுபடி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் லேபிளின் பின்பக்கத்தை, ஒரு வரி விடாமல், கடைசி வரை படித்தார்.